குறையை மறைத்துப் பெறும் கூலி

"வாங்குபவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கட்டும், காட்டுவதோடு எங்கள் வேலை முடிந்தது" என்பது வீடு, மனைத் தரகர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் வாதம். கேட்பதற்கு நேர்மையானது போலவே இது தோன்றும். ஆனால் இந்த ஒற்றை வாதத்தின் நிழலில் எத்தனை குடும்பங்கள் நீதிமன்றப் படிகளில் முதுமையடைந்தன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கண்ணுக்குத் தெரியாத குறையைக் கண்டு சொல்வதற்காகத்தானே ஒருவருக்குத் தரகு கொடுக்கிறோம்? வழி காட்டுவது மட்டுமே பணியென்றால் அதற்குத் தெருமுனைச் சிறுவன் போதுமே! விலையில் நூற்றுக்கு ஒன்றும் இரண்டும் எதற்கு? இந்த வினாவை இனியும் கேளாதிருப்பது நம் குடும்பங்களுக்கு நாமே இழைக்கும் அநீதி என்று கருதுகிறோம்.

வளைகுடா நாடுகளில் வெயிலில் வெந்தவரின் இருபதாண்டுச் சேமிப்பு, தறியோடு தறியாகத் தேய்ந்த நெசவாளியின் வாழ்நாள் உழைப்பு, மகளுக்கென்று ஒரு தாய் காசு காசாகச் சேர்த்து வைத்த பொருள் - இவையே நம் மக்களிடையே வீடாகவும் மனையாகவும் உருவெடுக்கின்றன. துணியில் பழுதிருந்தால் ஒரு முழம் நட்டம். காய்கறியில் பழுதிருந்தால் ஒரு வேளைச் சமையல் நட்டம். வீட்டில் பழுதிருந்தாலோ ஒரு தலைமுறையே நட்டம்!

இதனைப் பேசுவதற்குப் பள்ளிப்பட்டைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறில்லை எனலாம். திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் இவ்வூரின் மண்ணே ஒரு தரகருக்குப் பாடநூலாகும். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அப்பக்கம் சென்ற பகுதி இது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் மீண்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பின்னர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. மாநிலமும் மாவட்டமும் மாறியதால் ஆவணங்களின் இருப்பிடமும் மாறியது. பாட்டன் காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருந்தால் வியப்பில்லை. அதனைப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடாமலே "மூலப்பத்திரம் சரியாக இருக்கிறது" என்று ஒரு தரகர் உறுதி கூறுவாராயின் அவர் சொல்வது உறுதியன்று, ஊகமே.

தாளில் உள்ள குறைகளையே முதலில் எடுத்துக்கொள்வோம். வில்லங்கச் சான்று ஒன்றை வாங்கி நீட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அச்சான்று பதிவு அலுவலகத்தில் பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதியப்படாத உயிலையோ, வாய்மொழியாக அளிக்கப்பட்ட ஹிபாவையோ, இறந்தவரின் வாரிசுகளுக்குச் சட்டப்படி சேர்ந்துவிட்ட பங்குகளையோ அது காட்டாது. பட்டாவும் அவ்வாறே, அது வருவாய்த் துறையின் பதிவு. உரிமையின் மூலம் பத்திரமும் வாரிசுரிமையுமேயன்றிப் பட்டா அன்று. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுப் பணியின்போது பெயரும் பரப்பும் பிறழப் பதிவான பட்டாக்களால் எழுந்த வழக்குகள் தமிழகமெங்கும் உண்டு. ஆகவே பத்திரத்தில் கண்ட நான்கெல்லையும், புலப்படத்தில் கண்ட அளவும், தரையில் நில அளவர் சங்கிலி பிடித்துக் காட்டும் அளவும் மூன்றும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதே தரகரின் முதற்கடமை. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்திரத்தில் ஐந்தரை சென்ட் என்றிருக்க, தரையில் ஐந்தே சென்ட் கிடந்தால் 200 சதுர அடிக்கு மேல் காற்றுக்கு விலை கொடுத்ததாக ஆகும். அண்டை வீட்டாரோடு மூளும் சண்டைகளில் பாதி இந்தக் காற்றை நிலமாக்க முயல்வதால் விளைவனவே.

"பதிவாளரே பதிந்து கொடுத்துவிட்டார், இனி என்ன அச்சம்?" என்ற ஆறுதலும் வெறும் மயக்கமே. விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே எடுத்துரைத்திருக்கிறது. முத்திரை குத்தப்பட்ட தாள் என்பதாலேயே பொய் மெய்யாகிவிடுவதில்லை. அதுபோலவே, 'பவர் பத்திரத்தை' வைத்துக்கொண்டு வீட்டையே வாங்கிவிட்டதாக எண்ணுவோருக்கும் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஓர் எச்சரிக்கை. பொது அதிகாரப் பத்திரமும் கிரய ஒப்பந்தமும் சேர்ந்தாலும் அவை உரிமையை மாற்றித் தரா. பதிவு செய்த கிரயப் பத்திரம் ஒன்றே தரும். அதிகாரம் அளித்தவர் இறந்துவிட்டால் அந்தத் தாளின் கதி என்னவாகும் என்பதைச் சொல்லாமல் முன்பணம் வாங்கித் தரும் தரகரை நாம் என்னென்று அழைப்பது?

அங்கீகாரமற்ற மனைகளின் கதையும் நாடறிந்தது. விளைநிலத்தில் கல் நட்டு, செம்மண் பாதை போட்டு, வண்ணக் கொடி கட்டி விற்கப்பட்ட மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்த இடைக்காலத்தில் மகள் திருமணத்துக்காக மனையை விற்க முடியாமல் தவித்தவர் எத்தனை பேர்! அன்று அவற்றை விற்றுக் கொடுத்த தரகர்களோ தரகை வாங்கிக்கொண்டு அடுத்த 'நகருக்கு'ப் போய்விட்டிருந்தனர். கோயில் நிலத்தையும் வக்ஃபு நிலத்தையும் தனியார் நிலமென்று காட்டி விற்போரும் இல்லாமலில்லை. இறைவனுக்கென்று விடப்பட்ட சொத்து எந்தச் சமயத்தாருடையதாயினும் அதனை அறிந்தே சந்தைக்குக் கொண்டுவருவது இரட்டைக் குற்றமாகும்.

இனி மண்ணின் குறை. பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பாதையாகக் கிடக்கிறது. கோடையில் மனை காட்டும் தரகருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆனால் 2021 நவம்பரில் ஆந்திரப் பகுதியில் பெருமழை பெய்து, கிருஷ்ணாபுரம் அணையின் நீர் திறக்கப்பட்டபோது அந்த மணற்பாதையே பெருவெள்ளமாகித் தரைப்பாலங்களை மூழ்கடித்ததை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். மழை இங்கே பெய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. எல்லைக்கு அப்பால் பெய்தாலே போதும். ஆகவே ஆற்றோரத்திலோ ஓடையோரத்திலோ ஏரியின் கீழேயோ ஒரு மனையைக் காட்டும் தரகர், அண்டை வீட்டுச் சுவரில் வெள்ளம் எட்டிய கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் காட்டக் கடமைப்பட்டவர். கிராம வரைபடத்தைப் பிரித்தால் வாய்க்கால் எங்கே சென்றது, குட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். மண் கொட்டி மூடிய குட்டையின்மேல் எழுப்பிய வீடு சில மழைக்காலங்களுக்குள் தன் வரலாற்றைத் தானே விரிசல்களில் எழுதிக் காட்டும்.

அந்த எழுத்தைப் படிக்கக் கற்பதொன்றும் பெரும் வித்தையன்று. மேற்பூச்சில் மயிரிழையாக ஓடும் வெடிப்பு அஞ்சத்தக்கதன்று. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்ந்து செல்லும் பிளவு, அதுவும் கீழே குறுகி மேலே அகன்று செல்வதானால், அடித்தளம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கக்கூடும். கதவுகள் நிலையில் உரசுவதும் தரை ஒருபுறம் சாய்வதும் அதற்குத் துணைச்சான்றுகள். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம்வரை சுவரில் உப்புப் பூத்துக் காரை பொடிந்தால் ஓதம் ஏறுகிறதென்று பொருள். தளத்தின் அடிப்புறம் துருநிறக் கறை படிந்து காரை பெயர்ந்தால் உள்ளே கம்பி அரித்துக்கொண்டிருக்கிறதென்று பொருள். வீடு முழுவதும் பழைய சுண்ணமாக இருக்க, ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுவண்ணம் அடித்திருந்தால், அச்சுவர் எதையோ மறைக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். நெசவு நிறைந்த இவ்வட்டாரத்துக்கே உரிய குறையும் ஒன்றுண்டு. தறிக்குழியை மண்ணிட்டு மூடி அதன்மேல் சிமெண்ட் பூசிய தரை நாளடைவில் அமுங்கும். விசைத்தறிகள் இரவும் பகலும் அதிர்ந்த கூடத்தின் பழைய சுவர்களையும் விட்டத்தையும் கொத்தனார் ஒருவரைக் கொண்டு தட்டிப் பார்க்காமல் விலை பேசுவது அறிவுடைமையாகாது.

இவை சிற்றூர்க் கவலைகள் என்று யாரும் தள்ளிவிட வேண்டா. 2014 ஜூன் 28-ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டன. அதன் இணைக் கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. குறை என்பது பணத்தோடு நிற்பதன்று, உயிரையும் தொடுவது என்பதற்கு இதற்குமேல் சான்று எதற்கு?

தரகர்களையே குற்றம் சாட்டிவிட்டு நம் குடும்பங்களைத் தப்பவிடுவது நேர்மையாகாது. நம் வீடுகள் பலவற்றில் உள்ள மிகப் பெரிய குறை சுவரில் இல்லை, வாரிசுப் பட்டியலில் இருக்கிறது. தந்தை மறைந்த அக்கணமே, அடக்கச் செலவும் கடனும் முறையான வஸிய்யத்தும் போக எஞ்சியதில் மனைவிக்கும் மகளுக்கும் தாய்க்கும் பங்கு உண்டாகிவிடுகிறது. பிள்ளைகள் உள்ள நிலையில் மனைவிக்கு எட்டில் ஒன்று; மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. திருமறையின் 'அன்னிஸா' அத்தியாயம் வகுத்த பங்குகள் இவை. எவருடைய கருணைக்கும் காத்திருப்பன அல்ல. விளைநிலத்துக்கு இது பொருந்தாதென்று சிலர் இன்றும் கூறுவர். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கியிருந்தது உண்மையே. ஆனால் சென்னை மாநிலம் 1949-லேயே திருத்தம் செய்து அந்த விலக்கை நீக்கிவிட்டது. இவ்வளவும் இருந்தும், "சீர் செய்து அனுப்பிவிட்டோம், இனி அவளுக்கென்ன பங்கு?" என்று கூறிச் சகோதரியின் கையெழுத்தின்றி வீட்டை விற்கும் அண்ணன்மார் எத்தனை பேர்! சீர் பங்காகாது. தந்தை உயிரோடிருக்கையில் மகளிடம் எழுதி வாங்கும் விடுதலைத் தாளும் நம்பத்தக்கதன்று. இன்னும் பிறவாத உரிமையை எவ்வாறு விட்டுக்கொடுப்பது?

தந்தையை இழந்த சிறாரின் சொத்தில் நேரும் பிழை இதனினும் கொடிது. பிள்ளைகளை வளர்ப்பவர் தாயாயிருப்பினும், அவர்தம் சொத்தை விற்கும் காப்பாளர் உரிமை, தந்தை தம் உயிலால் அவ்வாறு நியமித்தாலன்றியோ நீதிமன்றம் நியமித்தாலன்றியோ, இஸ்லாமியத் தனியார் சட்டப்படி தாய்க்கு இல்லை. 1918-இல் பிரிவி கவுன்சில் இமாம்பந்தி வழக்கில் உறுதி செய்த விதி இது. அவ்வுரிமையின்றித் தாய் எழுதித் தரும் கிரயம் அச்சிறாரைக் கட்டுப்படுத்தாது. மைனர் பிள்ளைகளின் சார்பாகத் தாய் கையெழுத்திட்ட பழைய பத்திரம் ஒன்று தொடரில் இருந்தால், அதனைக் கண்டதும் தரகரின் கை நடுங்க வேண்டும். ஆனால் நடப்பதென்ன? "அதெல்லாம் பழங்கதை, யார் கேட்கப் போகிறார்கள்?" என்ற ஒரு சொல்லில் எல்லாம் மூடப்படுகிறது. கேட்பவர் வருவார். அன்று விற்றவரும் தரகரும் இரார். வாங்கியவரே தனியே நிற்பார்.

"குறையைச் சொன்னால் விற்பனை முறியும், நான் விட்டதை அடுத்த தரகன் முடித்துக்கொள்வான், என் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது?" என்பது தரகர்களின் மறுமொழி. இதில் உண்மையே இல்லையென்று நாம் கூறமாட்டோம். விற்பனை முடிந்தால்தான் கூலி, முடியாவிட்டால் நடந்த நடையெல்லாம் வீண் என்று வைத்திருப்பவர்கள் நாம். வாயைத் திறந்தால் பட்டினி, மூடினால் பணம் என்ற ஏற்பாட்டைச் செய்துவிட்டு, வாய் திறக்கவில்லையே என்று குறைப்படுவது பாதி நியாயமே. ஆனால் அந்த ஏற்பாடு தீயதென்பதால் பொய் நல்லதாகிவிடாது. குறை தெரிந்தால் விற்பனை முறியும் என்பதும் முழு உண்மையன்று. குறை தெரிந்தால் விலை குறையும், பழுது பார்க்கப்படும், விடுபட்ட வாரிசு அழைக்கப்பட்டுக் கையெழுத்து வாங்கப்படும். முறிய வேண்டிய விற்பனை சில முறியும். அவை முன்பணத்தோடு முறிவது நல்லதா, முழுப் பணமும் போய்ப் பதினைந்தாண்டு வழக்குக்குப் பின் முறிவது நல்லதா?

"சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தவில்லையே" என்பது இன்னொரு வாதம். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் காண முடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியே தீர வேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமை மோசடி என்றும் கூறுகிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமோ, தமக்காக உழைக்கும் முகவர் தமக்குத் தெரியாமல் அதே பேரத்தில் சொந்த ஆதாயம் பார்த்தால் அந்த ஆதாயத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை அவரை அமர்த்தியவருக்குத் தருகிறது. விற்பவரிடம் ஒரு விலை, வாங்குபவரிடம் ஒரு விலை சொல்லி இடையிலுள்ளதை விழுங்கும் 'மேல்லாப'க்காரர்கள் இதனை நினைவில் வைக்கட்டும். 2016-ஆம் ஆண்டு மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆயினும் அது பதிவு பெற்ற திட்டங்களில் விற்பனை செய்வோருக்கே பொருந்தும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலமும், எட்டுக்கு மேற்படாத குடியிருப்புகளும் திட்டப் பதிவிலிருந்து விலக்குப் பெற்றவை. ஒற்றை மனையும் பழைய வீடும் கைமாறும் பள்ளிப்பட்டுப் போன்ற ஊர்களில் பெரும்பாலான பேரங்கள் அந்த வலைக்கு வெளியேதான் நிகழ்கின்றன. இந்த ஓட்டையை அரசு அடைக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அதற்காக, அடைக்கும்வரை பொய் சொல்லலாம் என்று பொருளாகுமா?

நமக்குச் சட்டத்துக்கு முந்திய சட்டம் ஒன்று உண்டு. நனைந்த தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பிய வணிகரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை அறியாதவர் நம் இல்லங்களில் இல்லை. அந்தத் தானியக் குவியலுக்கும், ஒரே சுவருக்குப் புதுவண்ணம் அடித்த வீட்டுக்கும் என்ன வேறுபாடு? மறைந்திருந்த குறையைக் கண்டவர் பொருளைத் திருப்பும் உரிமையை ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் சட்ட நூல்களும் ஒப்புக்கொள்கின்றன. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவரிடமே குறையை மறைத்துக் கூலி பெற்று, அதனை ஹலாலான வருவாயென்று வீட்டுக்குக் கொண்டுசெல்வது எவ்வாறு தகும்?

ஆகவே நம் கோரிக்கை இது. தரகர் பெருமக்கள் ஒவ்வொரு பேரத்துக்கும் குறை அறிக்கை ஒன்றை எழுதட்டும். விரிசல், ஓதம், வெள்ளம், அளவு, பாதை, வழக்கு, கடன், வாரிசுகள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தாம் கண்டதையும் காணாததையும் குறித்து, விற்பவரின் கையெழுத்தோடு முன்பணத்துக்கு முன்பே வாங்குபவரிடம் கொடுக்கட்டும். இருபுறமும் தரகு பெறுவதாயின் அதனை இருபுறமும் அறியச் சொல்லட்டும். வாங்கும் குடும்பங்களோ, விற்பனை முடிந்தாலும் முடியாவிட்டாலும் இந்த ஆய்வுக்கென்று ஒரு கூலியைத் தனியே கொடுக்கட்டும். உண்மை சொன்னவர் பட்டினி கிடக்கக் கூடாது. வழக்கறிஞரின் கருத்துக்கும் நில அளவருக்கும் கொத்தனாருக்கும் ஆகும் செலவைச் சிக்கனமென்று மிச்சம் பிடிக்க வேண்டா. விற்கும் குடும்பங்கள் சகோதரியரை முதலில் அழைத்து, அவர்தம் பங்கைப் பணமாக அவர்கள் கையிலேயே கொடுத்துக் கையெழுத்துப் பெறட்டும். ஜமாஅத்தார், திருமணப் பதிவேட்டைப் போலவே, இறந்தவரின் வாரிசு விவரத்தையும் எழுதிவைக்கத் தொடங்கினால் எத்தனையோ பூசல்கள் முளையிலேயே கருகும்.

தரகு இழிதொழிலன்று. இரு குடும்பங்களுக்கிடையே நின்று இருவரின் நம்பிக்கையையும் கையில் ஏந்துபவர் தரகர். அந்த நம்பிக்கை ஓர் அமானத். அதனைக் காத்தவருக்கு ஊர் தானே தேடிவந்து தொழில் தரும். காக்க மறுப்பவரிடம் நம் குடும்பங்கள் வீட்டைக் கேட்டுப் போவதை இன்றே நிறுத்தட்டும்.